கிணறு ஊறும்வரை

1

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது நகரசபைக் கலாசார மண்டபத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அரசாங்கப் பெயரில் எது வந்தாலும் எனக்கு முதலில் பயம்தான். நோர்வேக்கு வந்து இருபத்து நான்கு வருடமாகிறது. கடவுச்சீட்டும் இந்த நாட்டுடையதுதான். இருந்தாலும், எப்போதோ ஒரு படிவத்தில் பிழையான பெட்டிக்குள் புள்ளடி போட்டுவிட்டேன், இன்றைக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றே நினைப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குப் படிவம் என்பது முடியாத சோதனை.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மூன்று தரம் வாசித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இரண்டு விஷயம். மேடையில் ஒருவர் உயரத்தில் நடக்கிறபடியால், அவரைப் பழக்குகிறவர் ஒரு பாதுகாப்புப் படிவம் நிரப்பவேண்டும். பழக்குகிறவள் நான். அடுத்தது, நிகழ்ச்சியின் நடுவில் வரும் "எதுவும் நடக்காத பகுதி" நீண்டுவிட்டதாம். சனம் ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைக்கக்கூடுமாம். அதை இரண்டு நிமிடமாகக் குறைக்க முடியுமா? "குழாயைச் சற்றுக் கூடுதலாகத் திறந்துவிட்டால் போதுமானது." வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

நிகழ்ச்சி என் மகள் ஆரணி அமைத்த நடனம். அதில் ஒரு நீண்ட மரம் ஏறி இறங்கும். அதன்மேல் ஒரு பெண் நடப்பாள், திரும்புவாள், நடப்பாள். பிறகு அப்படியே நின்றுவிடுவாள். மேடையின் ஓரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் மெல்லிய குழாயால் தண்ணீர் ஊறிவரும். தொட்டியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். தண்ணீர் அந்த நூலைத் தொடும்வரை யாரும் அசையக்கூடாது. தொட்டதும் ஓரத்தில் இருக்கிற நான் "மிதி" என்று சொல்லவேண்டும். ஒத்திகையில் பதினான்கு நிமிடம் எடுத்தது.

"என்னவாம்?" என்று இவர் சோபாவில் இருந்து கேட்டார்.

"எதுவும் நடக்காத பகுதியைக் குறைக்கட்டாம்."

"குறையன். சனத்துக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கச் சுகம்."

இவர் பேருந்து ஓட்டுகிறவர். உலகத்தை நேர அட்டவணையாகத்தான் பார்ப்பார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, ஒரு ஆட்டத்துக்கு இந்த மனுசி இவ்வளவு பதறுதே என்று தோன்றும். எனக்கு எல்லாவற்றுக்கும் பதற்றம்தான். பூட்டிய கதவை இரண்டு தரம் பார்ப்பேன், அணைத்த அடுப்பை மூன்று தரம். ஆனால் இது வேறு. அந்த எதுவும் நடக்காத பகுதி என்னுடையது. அதைக் கொடுக்கமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

2

எங்கள் காணி நீர்வேலியில். வாழைத் தோட்டம். யுத்தத்தில் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் மண்ணெண்ணெய் வராமல் போனதும், எங்கள் மோட்டர் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டது. என் தகப்பன், ஐயா, பழைய துலாவை மறுபடி ஏற்றினார்.

இளசுகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். கிணற்றடியில் இரண்டு ஆடுகால் நட்டு, அதற்கு மேலே ஒரு நீண்ட பனைமரத்தைக் குறுக்கே போட்டால் அதுதான் துலா. ஒரு நுனியில் கயிறும் பனையோலைப் பட்டையும் தொங்கும். ஒருவர் மரத்தின்மேல் ஏறி நடக்கவேண்டும். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கித் தண்ணீரில் விழும். திரும்பி மற்றப் பக்கம் நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். கிணற்றுக்கட்டில் நிற்கிறவர் அதைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். இப்படியே வாழை முழுக்க நனையும்வரை.

ஐயாவின் முதுகு பட்டை பிடிக்கத்தான் தாங்கும். மிதிக்க ஆள் வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அண்ணைக்கு அந்த வருடம் அரசாங்கச் சாதாரணதரச் சோதனை. மிச்சம் நான்.

பொம்பிளைப் பிள்ளை துலாவில் நிற்பதை ஊர் பார்க்கக்கூடாது என்று விடியமுன் தொடங்குவோம். சட்டைக்குக் கீழே அண்ணையின் பழைய களிசான். யாராவது கேட்டால் ஐயா, "பெடியன்தான் மிதிக்கிறான், படிச்சுக்கொண்டே மிதிக்கிறான்" என்பார். எனக்குப் பின்னாளில் கலியாணம் பேசவேண்டுமே, அந்தப் பயம். வகுப்பில் போய் நித்திரை தூங்குவேன். அடி விழும். மூன்றாம் மாதத்தோடு போகவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை.

இதை நான் அழகென்று சொல்ல வரவில்லை. உள்ளங்கால் வெடித்து மரத்தில் இரத்தம் பிடிக்கும். ஒருநாள் பனியில் சறுக்கி விழுந்ததில் இடது முழங்கால் போனது. அது இன்றைக்கும் மழைக்கு முன்னம் குத்தும். நான் இருக்கிற ஊரில் பன்னிரண்டு மாதமும் மழை, ஆகையால் அது ஓய்வதில்லை. துலா என் பள்ளிக்கூடத்தைத் தின்றது. அது திரும்ப வரவேண்டும் என்று யாராவது பாட்டுக் கட்டினால் முதல் ஆளாக நின்று மறிப்பேன்.

ஆனால் அதில் ஒன்று இருந்தது.

கிணற்றுச் சுவரில் படிபோலச் சில கற்கள் வெளியே நீண்டிருக்கும். இறைக்க இறைக்க மேலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தெரியவரும். மூன்றாவது கல் தண்ணீருக்கு வெளியே வந்தால், போதுமென்று ஐயா கையை உயர்த்துவார்.

"காணும் பிள்ளை. ஊறட்டும்."

அந்தக் கல் மறுபடி மூடும்வரை ஒரு பட்டையும் இல்லை. ஏனென்றால் எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பெய்த மழை அதற்குள் இறங்கி, கடல் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். மெதுவாக எடுத்தால் மேலே இருக்கிற மழை வரும். பறித்து எடுத்தால் கீழே இருக்கிற கடல் ஏறும். ஐயா இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு வருடம் அவசரப்பட்டு இறைத்து மிளகாய்க் கன்று முழுவதையும் உப்பேறிய சவர்த் தண்ணீருக்குக் கொடுத்த பிறகு தெரிந்துகொண்டார்.

கிணறு ஊறுகிற அந்த நேரத்தில் நான் துலாவின் அடிப்பக்கம் குந்தியிருப்பேன். முற்றத்தில் அண்ணை விளக்கு வைத்துச் சத்தம் போட்டுப் படிப்பார். சமுத்திரங்களின் பெயர், முக்கோணத்தின் கோணங்கள், ஒல்லாந்தர் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள். அவர் சொல்வதை நான் வாய்க்குள் திருப்பிச் சொல்வேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு எனக்குக் கிடைத்த படிப்பு முழுவதும் கிணறு ஊறிய நேரத்தில் கிடைத்தது. ஐயா "மிதி" என்றதும் பாடம் முடிந்துவிடும்.

3

ஆரணி ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பரதம் பழகினாள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில், கூடைப்பந்துக் கோடுகளுக்கு மேலே தட்டடவு போடுவார்கள். என் மகன் தமிழில் "பசிக்குது" என்று மட்டும் சொல்லுவான். அதுவும் என்னிடம் மட்டும். ஆரணி அவ்வளவு தூரம் போகவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு அவள் தலைநகரத்துக்கு நடனம் படிக்கப் போனாள். ஆடிச் சாப்பிட முடியுமா என்று எனக்கு நித்திரை இல்லை. ஒரு வருடம் கழித்து அவள் ஆடுவது பரதமா என்பதே எனக்கு விளங்கவில்லை.

கடைசி வருடத்தில் காலநிலை மாற்றத்தை வைத்து ஒரு நடனம் அமைக்கவேண்டி வந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகள் பனி உருகுவதை ஆடினார்கள். இவளுக்கு ஊரிலிருந்து மாமா, என் அண்ணை, அனுப்புகிற காணொளிகள் ஞாபகம் வந்திருக்கிறது. ஓரம் கருகிய வாழை இலை. நுரைக்காத சவர்க்காரம். உப்புக் கரிக்கிற தேத்தண்ணி. முந்தி மாரி மழை இருந்து ஆறுதலாகப் பெய்யும். இப்போது நாலு நாளில் கொட்டிவிட்டு ஓடுகிறது, நிலம் குடிக்க நேரம் இல்லை. கடலும் கிட்ட வருகிறது. நடுவில் எங்கள் மோட்டர்கள்.

ஒரு விடுமுறைக்கு வந்தபோது வரவேற்பறையில் மேசையை ஒதுக்கி, நிலத்தில் வெள்ளை நாடா ஒட்டி, எனக்கு ஆடிக் காட்டினாள். நாடாதான் துலா. முன்னுக்கு நடந்தபடி கைகளை மேலே தூக்கினாள், பட்டை ஏறுகிறதாம்.

"முன்னுக்குப் போனால் பட்டை இறங்கும்" என்றேன். "பின்னுக்குப் போனால்தான் ஏறும்."

"அம்மாக்கு எப்பிடித் தெரியும்? மாமாதானே மிதிச்சவர்?"

"பாத்திருக்கிறன்."

அத்தோடு விட்டிருப்பேன். முப்பது வருடமாக அப்படித்தான் விட்டேன். ஐயா சொன்ன பொய்யை அண்ணை முதலில் மறுக்காமல் இருந்தார், பிறகு தானே சொல்லத் தொடங்கினார், பிறகு நம்பியும்விட்டார். துலா மிதித்துப் படித்த பிள்ளை என்று ஊரில் அவருக்கு ஒரு பெயர்.

ஆரணி மறுபடி ஆடினாள். நிற்காமல், மூச்சிரைக்க, வேர்த்து ஒழுக. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"நிக்கிறேல்லை. மாமா சொன்னவர், விடாமல் மிதிச்சனாங்கள், ஒரு நிமிசம் நிண்டதில்லை எண்டு."

என்னில் ஏதோ அறுந்தது.

"நிக்காமல் மிதிச்சால் அது துலா இல்லை பிள்ளை, மோட்டர். நிண்டதில்லை எண்டு சொல்லுறவர் மேலை ஏறினதில்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். களிசான், முழங்கால், மூன்றாம் கல், முற்றத்து விளக்கு. அவள் நாடாவுக்கு மேலேயே குந்திவிட்டாள். இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை.

"அம்மா, எழும்புங்கோ. நடந்து காட்டுங்கோ."

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியின் நீலச் சட்டையோடு, மேசைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே நான் நடந்தேன். குதிக்கால் முதலில், பிறகு விரல். நுனியில் ஒரு கணம் உடம்பைத் தாமதித்துத் திரும்புவது. என் கால் ஒன்றையும் மறக்கவில்லை. ஆரணி எனக்குப் பின்னால் நடந்தாள். அன்றைக்குத்தான் அந்த நடனத்துக்கு நடு வந்தது.

4

முதலில் நீர்வேலியில், எங்கள் கிணற்றடியிலேயே ஆடவேண்டும் என்றாள். நான் வழக்கம்போல எண்ணத் தொடங்கினேன். மரம் முறிந்தால், அவள் விழுந்தால், சனம் வராவிட்டால், சனம் வந்தால். ஆனி முடிய, நல்ல கோடைக்குள் போய் இறங்கினோம்.

அண்ணை இப்போது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சங்கத்தின் தலைவர். காணியும் கிணறும் அவரிடம்தான். மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கினார்.

"ஆடினால் மழை வருமோ மருமோள்?"

"மழைக்கு இல்லை மாமா. நிப்பாட்டப் பழகிறதுக்கு. நீ வந்து பார்."

அண்ணையின் மனைவி, மச்சாள், கரண்டியோடு நின்றுவிட்டார். நோர்வேயில் பிரதமரையும் "நீ" என்றுதான் கூப்பிடுவார்கள், பிள்ளைக்கு இடைக்கிடை அந்தப் பழக்கம் வந்துவிடும். அண்ணை சிரித்தார். "நீயோ? சரி, நீ சொன்னால் நான் வாறன்."

பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நானும் ஒண்டு கேக்கட்டோ. உங்கடை நோர்வே, கடலுக்குள்ளை எண்ணெய் தோண்டி உலகத்துக்கெல்லாம் வித்துப்போட்டு, அந்தக் காசிலை பிள்ளையளை ஆடப் படிப்பிச்சு, என்ரை மோட்டரை நிப்பாட்டச் சொல்லி அனுப்பியிருக்கோ? நான் வாழை வைக்காமல் எதை வைக்க?"

ஆரணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம் மாமா, அது உண்மைதான்" என்றாள்.  நான் அந்தக் கேள்வியை முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

"ஆடுங்கோ" என்றார் அண்ணை. "தோட்டத்திலைதானே, ஆடுங்கோ. ஆனால் துலாவிலை ஒரு பெடியனை ஏத்துங்கோ. பொம்பிளைப் பிள்ளை ஏறினால் சனம் சிரிக்கும்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

"ஆரணிதான் ஏறுவாள்" என்றேன்.

"உனக்கென்ன விசரே?"

"ஓம்" என்றேன்.

ஆடுகால் இரண்டும் அப்படியே நின்றன. ஒன்றில் மோட்டர்க் குழாயைக் கட்டியிருந்தார்கள். பனைமரம் கொடிகாமத்துப் பக்கம் ஒரு மரக்காலையில் வாங்கி லான்மாஸ்டர் உழவு யந்திரத்தில் வந்தது. ஒரு கிழமை பழகினோம். முப்பது பட்டை இறைத்தால் மூன்றாம் கல் தெரியும். நின்றால் ஆறு, ஏழு நிமிடத்தில் அது மூடும். ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரத்திலிருந்து மோட்டர் போடுவதில்லை என்று அண்ணை வாக்குத் தந்தார்.

5

ஞாயிறு பின்னேரம் நாலு மணி. வாழைகளுக்கு நடுவே வாடகைக் கதிரை போட்டு ஐம்பது, அறுபது பேர். சங்கத்துக்காரர், அவர்களின் வீட்டார், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற நாலைந்து பெடியள். பிரதம விருந்தினர் இல்லாமல் எங்கள் ஊரில் ஒன்றும் தொடங்காது, ஆகையால் ஒரு விவசாய உத்தியோகத்தருக்கு மாலை போட்டு விளக்கேற்றுவித்தார்கள்.

ஆரணி ஏறினாள். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. மரம் முனகுவது, குதிக்கால் விழுவது, பட்டை தண்ணீரைத் தொடுவது, வாய்க்காலில் ஊற்றுவது, அவ்வளவுதான் தாளம். ஐயா நின்ற இடத்தில் நான் நின்று பட்டை பிடித்தேன். அவள் நுனிக்கு வந்து ஒரு கணம் தாமதித்துத் திரும்பும்போது சனத்திடமிருந்து ஒரு மூச்சு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. முப்பதாவது பட்டைக்கு முன்னமே மூன்றாம் கல் தெரிந்துவிட்டது. கையை உயர்த்தினேன்.

"காணும் பிள்ளை. ஊறட்டும்."

ஒரு கால் முன்னுக்கு, கை இரண்டும் விரித்தபடி, அவள் நின்றாள்.

ஐந்து நிமிடம். ஏழு. பத்து. தண்ணீர் கல்லுக்குக் கிட்டக்கூட வரவில்லை. பிழையான கல்லைப் பார்க்கிறேனோ என்று மேலிருந்து திரும்ப எண்ணினேன். அதே கல். பின்னால் கதிரைகள் கிறீச்சிட்டன.

"என்ன, கரண்ட் நிண்டிட்டுதோ?" என்று மோட்டார் சைக்கிள் பக்கமிருந்து ஒருவன் கேட்டான். சிரிப்பு. உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அண்ணை எழும்பி என்னிடம் வந்தார். "கூப்பிடு. சனம் எழும்புது."

"ஊறேல்லை."

"ஊறினமாதிரித்தான். ஆர் எட்டிப் பாக்கப்போகினம்?"

"நான் பாக்கிறன்."

"அப்ப பக்கத்துக் காணி மோட்டரைப் போட்டு, ஒரு குழாயாலை இதுக்குள்ளை விடட்டோ? அஞ்சு நிமிசத்திலை நிரம்பும்."

பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"ஏனண்ணை இண்டைக்கு இப்பிடிப் பிந்துது? ஒத்திகையிலை ஏழு நிமிசம்."

 தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மச்சாள்தான் சொன்னார். "மத்தியானம் ஒரு மணித்தியாலம் மோட்டர் போட்டவர். வாழை வாடுதாம்."

"கொஞ்ச நேரந்தான்" என்றார் அண்ணை.

இந்த இடத்தில் நான் சாதாரணமாகப் பணிந்துவிடுவேன். சனம் காத்திருக்கிறது, அண்ணை முகம் கறுக்கிறது, பெரிய மனிதர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், இதில் ஒன்று போதும் எனக்கு. அன்றைக்கு மூன்றும் சேர்ந்து வந்தன. நான் கிணற்றுக்கட்டில் இரண்டு கையையும் ஊன்றி, கல்லைப் பார்த்தபடி நின்றேன்.  நிற்க முடிந்தது.

முதலில் ஒரு தோட்டக்காரர் எழும்பி வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என்ன பிந்துகிறது என்று அறியத்தான். பிறகு அவர் மனைவி. பிறகு நாலு பேர். கொஞ்ச நேரத்தில் கதிரைகள் வெறுமை. எல்லாரும் கிணற்றைச் சுற்றி, தலையைக் குனிந்தபடி.

"இவ்வளவு கீழையோ போட்டுது?"

"என்ரை கிணத்தை நான் எட்டிப் பாத்து எத்தினை வருசம். சுவிச்சைப் போடுவன், போவன்."

"உங்கடையும் சவரோ?"

"தைக்குப் பிறகு சவர்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கரண்ட் கதை கேட்ட பெடியன் கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் கிணற்றுக்குள் அடித்தான். மேலே, துலாவில், ஆரணியின் முழங்கால் மெல்ல ஆடியது. கை கீழே இறங்கவில்லை.

தலைவர் ஒன்றும் பேசாமல் நின்றால் சரியில்லை என்று அண்ணைக்குத் தோன்றியிருக்கவேண்டும். எல்லாருக்கும் கேட்க, "முந்தி நாங்கள் உதுக்கு எவ்வளவு நேரம் விடுறனாங்கள்?" என்றார்.

"நாங்கள் இல்லை அண்ணை" என்றேன். "நானும் ஐயாவும். நீங்கள் முத்தத்திலை இருந்து படிச்சனீங்கள்."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. கிணறு அதைத் திருப்பியும் ஒருமுறை சொன்னது.

"அப்ப ஆர் அன்ரி துலா மிதிச்சது?" என்று அந்தப் பெடியன் கேட்டான்.

"நான்."

 முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அண்ணையின் பக்கம் திரும்பவில்லை. பார்த்தால் மன்னிப்புக் கேட்டுவிடுவேன் என்று எனக்கே தெரியும். அவர் கிணற்றுக்கட்டில் கையை வைத்தது மட்டும் கடைக்கண்ணில் பட்டது. பிறகு அந்தப் பெடியனிடம் பேசினார்.

"தம்பி, லைட்டை ஆட்டாதை. மூண்டாங் கல்லிலை பிடி. ஊறட்டும்."

தண்ணீர் கல்லின் விளிம்புக்கு வந்தது. தயங்கியது. பிறகு ஓசையில்லாமல் கல்லின் மேலால் படர்ந்தது. "மிதி" என்றேன். என்னோடு சேர்ந்து பத்துப் பதினைந்து குரல் சொன்னது. அதில் ஒன்று அண்ணையுடையது. ஆரணி விறைத்த காலைத் தூக்கி வைத்தாள்.

இருபத்திரண்டு நிமிடம். உத்தியோகத்தர்தான் கணக்குப் பார்த்தவர். அவரும் போகவில்லை.

6

அண்ணை திருந்திவிட்டார் என்று எழுத எனக்கு விருப்பம்தான். மோட்டர் இன்றும் ஓடுகிறது. துலாக் கதையை அவரும் நானும் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் இப்போது தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிக்க முன்னமே, "காலமை பாத்தனான், நாலாங் கல்லுத் தெரியுது. பின்னேரம்தான் போடோணும்" என்கிறார். போன கிழமை காலையிலேயே போட்டார் என்று மச்சாள் சொன்னார். போடுமுன் எட்டிப் பார்த்தார் என்றும் சொன்னார். சங்கத்தில் இரண்டு பேர் கிணற்றுக் கல்லுக்குச் சிவப்பு நிறம் பூசியிருக்கிறார்களாம்.

சரி, படிவம். புதன்கிழமை வேலையிலிருந்து வந்ததும் இருந்தேன். வழக்கமாக என் கடிதங்களை மகன்தான் திருத்துவான். திருத்தும்போது முகத்தில் ஒரு களைப்பு வரும். இந்தமுறை அவனைக் கூப்பிடவில்லை.

உயரத்தில் வேலை செய்யப் பெற்ற பயிற்சி என்று ஒரு பெட்டி. "துலா. மூன்று வருடம்." பயிற்றுவித்தவர். "என் தகப்பன்." விபத்துகள். "ஒன்று. இடது முழங்கால்." சான்றிதழ் இருந்தால் இணைக்கவும் என்றிருந்தது. "இல்லை. முழங்காலை வந்து பார்க்கலாம்" என்று எழுதினேன்.

நின்றுபோகிற பகுதிக்குப் படிவத்தில் இடமில்லை. அதனால் கடிதமாக எழுதினேன். அண்ணையின் கேள்வியை முடிச்சவிழ்த்து அதற்குள் வைத்தேன். எனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில், சின்னச் சின்ன வசனமாக. தமிழில் இப்படி வரும்:

"நாங்கள் இதை முதலில் என் ஊரில் செய்தோம். அங்கே கிணறு உப்பாகிறது. அதில் எங்கள் மோட்டருக்குப் பங்கு இருக்கிறது. உங்கள் எண்ணெய்க்கும் பங்கு இருக்கிறது. நான் இரண்டு ஊருக்கும் ஆள். அங்கே எங்கள் பங்குக்குத் தோட்டக்காரர் இருபத்திரண்டு நிமிடம் நின்றார்கள். அவர்களுக்கும் வேலை இருந்தது. இங்கே உங்கள் பங்குக்குப் பதினான்கு நிமிடம் கேட்கிறேன். ஏதோ பழுதாகிவிட்டது என்று சனம் நினைத்தால் நினைக்கட்டும். அது சரியான நினைப்பு. குழாயைக் கூடுதலாகத் திறக்கமாட்டேன். அப்படித்தான் இது தொடங்கியது."

அதற்குள் எழுத்துப் பிழை இருக்கும். ஒரு வினைச்சொல் பிழையான இடத்தில் நிற்கிறது என்று எனக்கே தெரிந்தது. நிற்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

"என்ன எழுதினனீ?" என்று இவர் கேட்டார். சொன்னேன்.

"அவை மாட்டம் எண்டால்?"

"உங்கடை பஸ் தரிப்பிடத்திலை ஆடுவம். அங்கை சனம் எப்பிடியும் நிண்டு பழகினது."

இவர் சிரிக்கவில்லை. எந்தத் தரிப்பிடத்தில் மழைக்குக் கூரை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.